மூன்று பைட்டில் ஒரு தையல்

ரவிக்கை முதுகுக்கு ஒரு மயில். உயரம் 17 செ.மீ., 14,000 தையல், ஏழு நிறம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் படிக்கும்படி கோப்பாக்கினால் 42 கிலோபைட் சொச்சம் வரும். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் கெடா மாநிலத் தையல்காரர்களிடம் இந்த மயில் நடமாடத் தொடங்கிவிடும். ஒருவர் பென் டிரைவில் கொடுப்பார், இன்னொருவர் டெலிகிராமில் தள்ளிவிடுவார். யார் போட்ட டிசைன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பெண்டாங், அலோர்ஸ்டாருக்குத் தென்கிழக்கே இருக்கும் சின்னப் பட்டணம். சுற்றிலும் நெல்வயல், உள்ளே போனால் ரப்பர். தமிழர்கள் குறைவு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அதன் பெயரில் ஒரு வழி பிரிகிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்களும் சுங்கை பட்டாணி போகிறவர்களும் அந்தப் பலகையைப் பார்த்தபடியே கடந்துவிடுவார்கள். அங்கே வீட்டுக் கூடத்திலேயே தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம்தான் இந்த மயிலை முதலில் பார்த்தேன். அவருடைய அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலை முடிந்து வந்து கால்மிதி சிங்கர் மிஷினில் லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். மகளிடம் இப்போது இருப்பது ஒற்றை ஊசி எம்பிராய்டரி மிஷின், 13-க்கு 18 செ.மீ. ஃபிரேம்.

“அக்கா, இந்த மயிலு எங்கேருந்து வந்துச்சு?”

“தெரியலயே தம்பி. எல்லார்கிட்டயும் இருக்கு. நல்லாத்தான் ஓடும், ஆனா கழுத்துகிட்ட மட்டும் எப்பவும் ஒரு சந்து விழுந்துடும். நான் கையால நாலு தையல் போட்டு மூடிருவேன்.”

கழுத்துக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சந்து. பினாங்கு லிட்டில் இந்தியாவில் தொங்கிய ஒரு ரவிக்கைத் துணியிலும் அதே மயில், அதே இடத்தில் அதே சந்து. பெயர் தொலைந்துபோன அந்த ஆசாமியின் கவனக்குறைவு மட்டும் பத்திரமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த மயில் கோப்பின் வயிற்றுக்குள் என்னதான் இருக்கிறது? கோப்பின் வகை டிஎஸ்டி. ஜப்பானின் தஜிமா நிறுவன மிஷின்களோடு வந்து, இன்று ஏறக்குறைய எல்லாத் தொழில்முறை மிஷின்களும் படிக்கும் வகை. கணினியில் வெறும் நோட்பேடில் திறந்தாலே முதல் 512 பைட்டுகளை ஓரளவு வாசிக்கலாம். ‘எல்ஏ’ என்ற இடத்தில் டிசைனின் பெயர், 16 ஆங்கில எழுத்துக்குள். ‘எஸ்டி’ என்ற இடத்தில் மொத்தத் தையல். ‘சிஓ’ என்ற இடத்தில் எத்தனை முறை நிறம் மாறுகிறது என்ற கணக்கு. ஏழு நிற மயிலுக்கு 6. அடுத்து மேல், கீழ், இடம், வலம் எவ்வளவு நீளும் என்ற அளவுகள். அதற்கப்புறம் வருவதெல்லாம் மனிதக் கண்ணுக்குக் கிறுக்கல். ஒவ்வொரு தையலுக்கும் மூன்று பைட், 14,000 தையலுக்கு 42,000 பைட்.

அந்த மூன்று பைட்டில் இருப்பது ஓர் அசைவு, அவ்வளவுதான்: இருக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் இவ்வளவு, மேலோ கீழோ இவ்வளவு நகர்ந்து ஊசியை இறக்கு. அளவு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எண்ணை எழுதும் முறைதான் விசேஷம். 1, 3, 9, 27, 81 என்று ஐந்தே எண்கள். ஒவ்வொன்றையும் கூட்டலாம், கழிக்கலாம், விட்டுவிடலாம். பழைய மளிகைக்கடைத் தராசில் ஐந்து படிக்கற்களை இரண்டு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்து எந்த எடையையும் நிறுத்துவிடுவது போன்ற கணக்கு. 4.7 மி.மீ. நகர வேண்டுமானால் அது 47 அலகு: 81-இல் 27-ஐயும் 9-ஐயும் கழித்து, 3-ஐக் கூட்டி, 1-ஐக் கழித்தால் 47. ஐந்தையும் ஒரே பக்கம் போட்டால் 121. ஆகவே 12.1 மி.மீ.க்கு மேல் ஒரே எட்டில் தாண்ட இந்தக் கோப்பால் முடியாது. தூரமாகப் போக வேண்டுமென்றால் இரண்டு மூன்று தாவலாகப் போகும்.

கோப்பில் இல்லாதவையும் நிறைய. நிறம் இல்லை. ‘இங்கே நில், நூலை மாற்று’ என்று மட்டும் சொல்லும். எந்த நூல் என்று சொல்லாது. அதனால் மயில்நீலத்தில் பிறந்த மயில் மிஷின் திரையில் சிவப்பாகவும் காபிக்கொட்டை நிறத்திலும் வந்து நிற்கும். வடிவமும் இல்லை. இது இறகு, இது கண், இது கொண்டை என்ற ஞாபகமே அதற்குக் கிடையாது; 14,000 அசைவுதான். பெரிதாக்கினால் தையல்கள் விலகித் துணி தெரியும், சிறிதாக்கினால் நெருங்கி அட்டைபோல் விறைக்கும். கூடவோ குறையவோ 10 சதவீதம் தாங்கும், தள்ளிப் பார்த்தால் 20. வரைந்தவர் பெயரை எழுதவும் அந்தப் பழைய தலைப்பில் தனி இடம் ஒதுக்கவில்லை.

இந்த மறதிகளுக்கெல்லாம் காரணம் அதன் பூர்வீகத்தில் இருக்கிறது. அது படத்துக்குப் பிறந்த பிள்ளையே இல்லை, கைக்குப் பிறந்தது.

1828-இல் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் ஜோசுவே ஹைல்மன் என்பவர் ஒரு பூத்தையல் மிஷினைச் செய்தார். இரண்டு முனையும் கூர்மை, நடுவில் காது என்று அதற்கொரு விசித்திர ஊசி. வரிசையாக நூற்றுக்கணக்கான ஊசிகள், எதிரே செங்குத்தாக இழுத்துக் கட்டிய துணி. இயக்குகிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்து, ஆறு மடங்கு பெரிதாக்கி வரைந்த படத்தின் மேல் ஒரு கம்பின் முனையைத் தையல் தையலாக நகர்த்துவார். கம்போடு இணைந்த சட்டம் துணியை ஆறில் ஒரு பங்கு நகர்த்தும். ஊசி நின்ற இடத்திலேயே நிற்க, துணிதான் நகரும். இன்றைக்குப் பெண்டாங் கூடத்தில் கடகடக்கும் மிஷினிலும் ஆடுவது ஃபிரேம்தான், ஊசி மேலும் கீழும் மட்டும் போகும். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பகுதியில் இந்த மிஷின் வீடு வீடாக ஏறியது. ஆண்கள் கம்பை நகர்த்தினார்கள். பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் நாளெல்லாம் ஊசி கோர்த்தார்கள்.

1863-இல் அதே வட்டாரத்து ஐசக் குரோப்லி, தையல் மிஷின்போல ஓடும் நூலும் படகு வடிவ நாடாவும் வைத்து வேகமான மிஷின் ஒன்றைக் கட்டினார். ஷிஃப்லி என்று பெயர். அதிலும் ஒரு மனிதன் கம்பைப் பிடித்துப் படத்தைத் தடவியே ஆக வேண்டும். 1898-இல் அவருடைய மகன் ஆர்னல்ட் அந்த மனிதனை எழுப்பிவிட்டு, அசைவுகளை ஓட்டைகளாக அட்டையில் குத்தி மிஷினிடம் கொடுத்தார். மற்றவர்கள் ஷிஃப்லியைத்தான் பெரிய தாவல் என்பார்கள். என்னைக் கேட்டால் திருப்புமுனை இந்த அட்டைதான். அதுவரை டிசைன் என்பது சுவரில் ஒட்டிய படமும் அதைத் தடவத் தெரிந்த ஒரு கையும். அட்டை வந்தபின் கையின் அசைவே தனிச் சரக்காகிவிட்டது. சுருட்டலாம், கப்பலேற்றலாம், விற்கலாம். அப்படியே திருடவும் செய்யலாம். குத்துவதற்கென்று தனி ஆட்கள் உண்டானார்கள். சூரத்திலும் திருப்பூரிலும் டிசைன் போடுவதை இன்னும் ‘பஞ்சிங்’ என்று சொல்வது அந்தக் குத்தலின் மிச்சம்.

முதலாம் உலகப்போருக்கு முன் உலகப் பூத்தையலில் பாதிக்குமேல் செயின்ட் காலன் பக்கத்திலிருந்துதான் வந்தது. போரோடு அந்த வாழ்வு சரிந்தது. அடுத்த வீடு ஜப்பான். நகோயாவில் 1944-இல் தொடங்கிய தஜிமா, 1964-இல் பல தலை கொண்ட தானியங்கி மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே அசைவை வரிசையாக நிற்கும் தலைகளெல்லாம் ஒருசேரத் தைக்கும். அட்டைக்குப் பதில் ஓட்டை குத்திய காகித நாடா. நம் மயிலின் மூன்று பைட் கணக்கு அந்த நாடாக்காலத்துச் சிக்கனம். 1979-இல் சிட்னியில் வில்காம் தொடங்கி, டிசைன் போடுவதைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. நாடா போய் நெகிழ்வட்டு, அது போய் பென் டிரைவ், அதுவும் இப்போது வைஃபை. வீட்டுக்குள் நுழைந்தது 1990-இல், ஜனோம் நிறுவனம் மெமரி கிராஃப்ட் 8000 என்ற வீட்டு உபயோக எம்பிராய்டரி மிஷினை வெளியிட்டபோது. அப்போது டிசைன்கள் சின்னச் சின்ன நினைவு அட்டைகளில் விற்றன.

மலேசியாவில் இதற்கு இணையாக இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பினாங்கு, கெடா பக்கத்து நியோன்யா கெபாயா மேற்சட்டையின் பூவேலையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது கால்மிதி சிங்கரில் போட்டது. மிஷினின் பல்லையும் காலையும் கழற்றிவிட்டு, துணியை மரவளையத்தில் இறுக்கி, இரண்டு கையாலும் வளையத்தை ஊசிக்கடியில் ஆட்டி ஆட்டிப் பூவையும் இலையையும் கொண்டுவருவார்கள். நடுவில் வெட்டி எடுத்து ஓட்டையைச் சுற்றித் தைப்பதும் உண்டு. 2024 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து கேட்டுக் கெபாயாவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, அந்த மரவளையத்தை ஆட்டிய கைகளும் கூடச் சேர்ந்தன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அக்காவின் அம்மாவும் அப்படி வளையம் ஆட்டத் தெரிந்தவர். மகள் அதைப் பார்த்து வளர்ந்தவர். இந்தச் சங்கதி பின்னால் உதவப்போகிறது.

மயில் நம் பக்கம் வந்த வழியை ஆவணத்தோடு நிரூபிக்க முடியாது, ஆனால் ஊகிப்பது கடினமில்லை. சேலைக்குப் பூத்தையல் போடும் மிஷின்கள் சூரத்தில் பெருகின. கூடவே பஞ்சிங் போடும் இளைஞர்களும் பெருகினார்கள். அங்கிருந்து ஆயிரக்கணக்கான டிசைன்கள் ஒரே சிடியில் அடைத்து விற்கப்பட்டன. சேலை மூட்டையோடு சிடியும் கடல் தாண்டிற்று. பிறகு சிடி வாங்கியவர் நண்பருக்குக் கொடுத்தார், நண்பர் குழுவில் போட்டார். பெயர் வைக்க 16 எழுத்து இருந்தும் ‘பீகாக்7’ என்பதற்குமேல் யாரும் எழுதவில்லை.

கேட்பாரற்ற சொத்தா என்றால், சட்டப்படி இல்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு படைப்பு உருவான கணமே உரிமையும் பிறந்துவிடும். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை. விரும்பினால் மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் தன்னிச்சையாக அறிவித்துச் சான்று வாங்கிக்கொள்ளும் வசதி 2012-இல் வந்தது. இந்தியாவில் ஒரு சிக்கல் உண்டு. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்குமேல் பொருளாக்கிவிட்டால் காப்புரிமை போய்விடும். பன்னிரண்டு தலை மிஷினில் ஐந்தாவது ஓட்டம் முடியும்போதே கணக்குத் தாண்டிவிடும். ஊர்ப் பொதுவான கலைக்கு வேறு வழி: நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மயிலுக்கோ அரசமர இலைக்கோ அப்படி யாரும் உரிமை கொண்டாட முடியாது. மயில் எல்லாருக்கும் பொது, அந்த 14,000 அசைவு மட்டும் ஒருவருடையது.

அந்தக் கழுத்துச் சந்துதான் அக்காவைத் தாமே டிசைன் போடும் வேலைக்குத் தள்ளியது. சந்து ஏன் விழுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே. நெருக்கமாகத் தைக்கும் சாட்டின் தையல், தான் ஓடும் திசையில் துணியை உள்ளே இழுக்கும். பக்கவாட்டில் வெளியே தள்ளும். திரையில் உருண்டையாக இருக்கும் வட்டம் துணியில் நீளுருண்டையாகும். உடலையும் கழுத்தையும் விளிம்போடு விளிம்பாகத் தொட வைத்து வரைந்திருக்கிறார் அந்தப் பெயரில்லாத ஆசாமி. திரையில் அழகு. துணியில் உடல் ஒரு பக்கம் சுருங்க, கழுத்து மறுபக்கம் சுருங்க, நடுவில் பிளவு. ஒன்றின்மேல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் ஏறும்படி போட்டிருந்தால் தீர்ந்தது.

“அம்மா வளையத்த ஆட்டும்போதே சொல்வாங்க, துணி இழுக்கும், கொஞ்சம் வெளிய தள்ளிப் போடுன்னு. கம்ப்யூட்டர்ல அதுக்கு ஒரு பேரு வச்சு நம்பர் கேக்குது, அவ்வளவுதான்” என்றார்.

அந்த எண் பெரும்பாலும் 0.2-இலிருந்து 0.4 மி.மீ. பட்டுக்குக் குறைவு, டிசர்ட்டுத் துணிக்குக் கூடுதல். டிசைன் போடுவது என்றால் படம் வரையத் தெரிய வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் நன்றாக வரைகிறவர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள். துணியோடு பழகியவர் முந்திவிடுவார். எந்தப் பகுதி முதலில், எது பிறகு, மேல்தையலுக்கு முன் அடித்தையல் எப்படி ஓட வேண்டும், 40-ஆம் எண் நூலுக்கு வரிகளுக்கிடையே 0.4 மி.மீ. விட வேண்டும், 7 மி.மீ.க்குமேல் அகலமான சாட்டின் வளையலிலும் தாலிக்கொடியிலும் மாட்டிப் பிய்ந்துவிடும். இவையெல்லாம் தையல்காரர் மூளையில் ஏற்கெனவே பாதி இருக்கிற விஷயங்கள்.

தொடங்க ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும் என்பதும் பாதிதான் உண்மை. வில்காமின் தொழில்முறைப் பதிப்பு விலை அதிகம்தான், பெண்டாங் கூடத்துக்கு எட்டாது. ஆனால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிச் இருக்கிறது. காசு கிடையாது, டிஎஸ்டியும் பிஇஎஸ்ஸும் இன்னும் பல வகையும் எழுதித் தரும். அதன் திரையில் முதல் நாள் உட்கார்ந்தால் தலை சுற்றும். ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும்.

அக்கா போட்ட முதல் உருப்படியான டிசைன் மயில் அல்ல, எழுத்து. உருமி மேளக் குழு ஒன்று தைப்பூசத்துக்குச் சட்டை கேட்டது: நெஞ்சில் வேல், வேலுக்குக் கீழே குழுவின் பெயர் தமிழில். மிஷினுக்குள் ஆங்கில எழுத்து ஏழெட்டு வகை இருக்கிறது, தமிழ் ஒன்றும் இல்லை. மென்பொருளில் தமிழ் எழுத்துருவைத் தட்டினாலோ, பலவற்றில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். எழுத்து எழுத்தாகத் தைத்து உருவாக்குவதுதான் ஒரே வழி.

அதில் புள்ளி படுத்தும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 8 மி.மீ. உயர எழுத்துக்கு மேல் வைக்கும் புள்ளி, அளவுப்படி போட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஊசி அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும், நூல் குவியும், சில சமயம் துணியில் ஓட்டையே விழும். டிசர்ட்டுத் துணியாக இருந்தால் புள்ளி பின்னலுக்குள் முழுகிக் காணாமல் போய்விடும். ‘வேல்’ என்று தைத்தது ‘வேல’ என்று வந்து நின்றது. ‘முருகன்’ ‘முருகன’ ஆகிவிட்டார். ‘தமிழ்ப்பள்ளி’ என்று சின்னம் தைக்கச் சொன்னால் மூன்று இடத்தில் இந்த வம்பு.

அக்கா செய்தது இதுதான். புள்ளியை எழுத்தின் தடிமனைவிடப் பெரிதாக்கினார், குறைந்தது 1.6 மி.மீ. சாட்டின் குறுக்காக ஓடுவதால் புள்ளி அகலத்தில் சுருங்கும். அதனால் வட்டமாக வரையாமல் அகலவாக்கில் நீளுருண்டையாக வரைந்தார், தைத்து முடித்தால் வட்டமாக வரட்டும் என்று. அடியில் ஒரே ஒரு கோட்டு அடித்தையல். துணிக்கு மேலே, தண்ணீரில் கரையும் மெல்லிய படலத்தை விரித்துவிட்டுத் தைத்தார். தையல் பின்னலுக்குள் இறங்காமல் மேலே நிற்கும். ண-வின் சுழிகளுக்கு வேறு வைத்தியம்: உள்ளே இருக்கும் இடைவெளியை எழுத்துருவில் இருப்பதைவிட அகலமாகத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று சுழியும் ஒட்டி ஒரு திட்டாகிவிடும். ஞ-வை 10 மி.மீ.க்குக் கீழே அவர் தைப்பதே இல்லை. “வேணும்னா எழுத்த பெருசாக்கு, இல்லன்னா பேர மாத்து” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார்.

துணித்துண்டில் தைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை, அதுவும் அதே ரகத் துணியில். டிசர்ட்டுக்கென்று போட்ட டிசைனைப் பருத்தித் துணியில் சோதித்து, நன்றாக வந்தது என்று திருப்திப்பட்டு என்ன பிரயோசனம்? இந்தச் சோதனைத் துண்டைத் தைத்த கையோடு பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்வார். விற்பனைக்கு வைக்கும்போது அந்தப் படம்தான் பேசும். கணினி வரைந்து காட்டும் பளபளப் படத்தை நம்பி ஏமாந்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். உண்மையான துணியில் உண்மையான நூல் தெரிந்தால் வாங்குகிறவர் நிற்கிறார்.

விற்பனைக்கு எட்சி என்ற இணையச் சந்தை. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு வேலும் ஓமும் தமிழ் அகர வரிசையும் தைக்கக் கிடைப்பதில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் வீட்டில் எம்பிராய்டரி மிஷின் வைத்திருந்தாலும், மிஷினுக்குள் தமிழ் இல்லை. ஒரு டிசைனைப் பட்டியலிட 20 அமெரிக்க சென். நான்கு மாதம் இருக்கும், விற்றதும் புதுப்பிக்க மறுபடியும் 20 சென். விற்ற விலையில் 6.5 சதவீதம் தரகு. நான்கு டாலருக்கு ஒரு டிசைன் விற்றால் 46 சென் இப்படிப் போகும், பணம் அனுப்பும் செலவு தனி. மிச்சத்தை வெள்ளியாக்கினால் ஒரு டிசைனுக்குப் பெரிய தொகை இல்லை. ரவிக்கை தைத்தால் ஒரே நாளில் அதைவிடக் கூடுதல் வரும். ஆனால் ரவிக்கையை ஒரு முறைதான் விற்க முடியும்.

எட்சியில் வைக்கும்போது ஒரே டிசைனைப் பல வகையில் சேர்த்துக் கொடுப்பார்: தொழில்முறை மிஷினுக்கு டிஎஸ்டி, பிரதர் நிறுவன மிஷினுக்கு பிஇஎஸ், ஜனோமுக்கு ஜெஃப். பிஇஎஸ்ஸில் நிறம் உட்கார்ந்திருக்கும், டிஎஸ்டியில் இருக்காது. அதனால் நூல் எண்ணோடு நிற அட்டை ஒன்றும் பிடிஎஃப்பில். நான்கு அங்குல ஃபிரேமுக்கு ஒன்று, 13-க்கு 18 செ.மீ. ஃபிரேமுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டவை. ஒன்றையே இழுத்துப் பெரிதாக்கியவை அல்ல. வடிவங்கள் பிரித்து வைத்திருக்கும் மூலக்கோப்பை மட்டும் யாருக்கும் தருவதில்லை. கூடவே இரண்டு வரி: இதைத் தைத்த துணியை விற்கலாம், கோப்பை விற்கவோ பகிரவோ கூடாது. சினிமா நாயகர் முகம், கால்பந்துச் சங்கச் சின்னம், டிஸ்னி பொம்மை ஆகியவற்றைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. உள்ளூரில் ஒரு சட்டைக்குத் தைத்துக் கொடுப்பதையே அவர் தவிர்த்துவிடுவார். எட்சியில் வைத்தால் உரிமையாளர் ஒரு புகார் கொடுத்தால் போதும், கடையே மூடப்படலாம்.

வீட்டுக் கூடத்தில் நடந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான். மலேசியாவில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. பதிவுப் பத்திரம் கையில் இருந்தால், அரசின் தெக்கூன் அமைப்பு நடத்தும் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பிக்கக் கதவு திறக்கும். பல ஊசி மிஷினுக்கு மாற நினைக்கும் தையல்காரப் பெண்கள் அதைக் கேட்டுப் பார்க்காமல் வட்டிக்காரரிடம் போவது எனக்குப் புரிவதே இல்லை.

அக்காவின் வேல் டிசைன் வெளியே போய்விட்டது. கோப்பின் ‘எல்ஏ’ இடத்தில் தன் கடைப்பெயரின் ஆங்கில எழுத்துகளைப் போட்டிருக்கிறார், ‘வேல்3’ என்று விடவில்லை. வேலின் தண்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அடித்தையலோடு அடித்தையலாகத் தன் பெயரின் முதலெழுத்தையும் ஓட விட்டிருக்கிறார். மேல்தையல் மூடிவிடும், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். டிஎஸ்டியாக மாற்றினாலும், பெயரை அழித்தாலும், டெலிகிராமில் எத்தனை கை மாறினாலும் அந்த அசைவு போகாது.

போன மாதம் சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பெண் அழைத்தார், நான் கூடத்தில் இருந்தபோது. கோயில் திருவிழாவுக்குப் பதாகை. வேல் டிசைனை ஒன்றரை அடி உயரத்துக்குப் பெரிதாக்கித் தர வேண்டும்.

“அக்கா, ஏற்கெனவே வாங்கின டிசைன்தானே? கொஞ்சம் இழுத்து விட்டா ஆயிடாதா?”

“இழுத்தா துணி தெரியும்மா, வேல் தெரியாது. புதுசாத்தான் போடணும். ரெண்டு நாள் ஆகும், அதுக்குத் தனிக் காசு. சரின்னா சொல்லு, இன்னிக்கு ராத்திரியே உக்காந்துர்றேன்.”